ஏழாம் கேள்வியின் நாற்காலிகள்

"இந்தச் சவத்தைத் தாள்ல இருந்து தூக்கிருவோம் மேடம். இந்த ஏழாங்கேள்வி மட்டும் இல்லேன்னா ரிசல்ட் நல்லா வந்திருக்கும்."

சொன்னவர் துரைசிங்கம், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருந்த கல்லூரியின் இயற்பியல் துறைத் தலைவர். கேட்டுக்கொண்டிருந்தவர் செண்பகவல்லி, அந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்த விரிவுரையாளர். வேறு யாரும் கேட்கவில்லை என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஆனால் துரைசிங்கம் தன் டீ டம்ளரை ஒரு வினாத்தாளின் மேல் வைத்திருந்தார். டம்ளர் வைத்த ஈர வட்டத்துக்குச் சற்றுக் கீழே ஏழாம் கேள்வி இருந்தது. அது முழுவதையும் கேட்டுவிட்டது.

அந்த வினாத்தாளில் கணக்கு கிடையாது. சூத்திரமும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு வந்திருக்கும் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு விசை, வேகம், எடை என்பதெல்லாம் உண்மையிலேயே புரிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் செண்பகவல்லி தயாரித்தது. மற்ற கேள்விகள் ஓரளவுக்குத் தேறிவிட்டன. ஏழாவதில் வகுப்பே விழுந்துவிட்டது.

"இன்னொரு தடவ பாப்போம் சார்," என்றார் செண்பகவல்லி. அவர் பேசினால் பக்கத்து மேசைக்குக் கேட்காது.

"சரி, அடுத்த மாசம் வைக்கிற தேர்வுலயும் இதையே போடுங்க. பிள்ளைங்க சரியாப் போட்டா இருக்கட்டும். இல்லேன்னா நானே சிவப்பு மையால அடிச்சிருவேன். பெறவு என்கிட்ட வரப்படாது."

டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். ஏழாம் கேள்வி அவசரமாகத் தன் நான்கு விடைகளையும் எழுப்பியது.

கேள்வி இதுதான்: 'நேர் மேலே எறிந்த பந்து உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் மேல் என்ன விசை இருக்கிறது? காற்றை மறந்துவிடவும்.'

கேள்விக்குக் கீழே அ, ஆ, இ, ஈ என்று நான்கு நாற்காலிகள். நாற்காலிக்கு ஒரு விடை.

முதல் நாற்காலியில் இருந்ததன் பெயர் சும்மா. 'விசை எதுவும் இல்லை' என்பது அதன் வாசகம். நல்ல பருமன், எப்போதும் சாய்ந்த உடம்பு, பாதி மூடிய கண். இரண்டாவதில் சமம். 'மேல்நோக்கி ஒரு விசை, கீழ்நோக்கி ஒரு விசை, இரண்டும் சமம்' என்று சொல்லும். எந்தச் சண்டையிலும் நடுவில் நிற்கப் பிரியப்படும். மூன்றாவதில் மிச்சம். 'எறிந்த கையின் விசை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது' என்று சொல்லிக் கண் கலங்கும். நான்காவதில் இழுப்பு. 'கீழ்நோக்கிய புவியீர்ப்பு மட்டும்.' அவ்வளவுதான் அதன் பேச்சு.

மற்ற மூன்றுக்கும் உட்காரத் தெரியும். இழுப்புக்கு உட்காரவே வராது. நாற்காலியின் விளிம்பில் தொற்றிக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டே இருக்கும். அதனால் நான்காவது நாற்காலி எப்போதும் கிரீச்சிடும்.

"கேட்டீங்களா?" என்றது கேள்வி. "என்னை அடிக்கப் போறாங்க. நான் போனா நீங்களும் போவீங்க."

"எதுக்கு இவ்வளவு பதட்டம்?" என்றது சும்மா. "பிள்ளைங்க என்னைத்தான் விரும்புதாங்க. போன தேர்வுல எனக்கு எத்தனை டிக்கு விழுந்தது பார்த்தேல்லா? பேசாம என்னையே சரியான விடைன்னு ஆக்கிருங்க. எல்லாருக்கும் நிம்மதி."

"பந்து நிக்கிது, அதனால விசை இல்லன்னு சொல்றியா?" என்றது இழுப்பு.

"நின்னுட்டா நின்னுட்டதுதான். நிக்கிறவன்கிட்ட என்ன இருக்கு?"

"அது நிக்கும்போதும் நான் பிடிச்சுத்தான் இருக்கேன். ஏறும்போதும் பிடிச்சேன், இறங்கும்போதும் பிடிப்பேன். நடுவுல எப்ப விட்டேன்?"

"ஒரு கணம்கூட சும்மா இருக்க மாட்டியா?"

"மாட்டேன். இருக்கத் தெரியல."

"ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்று சமம் குறுக்கே வந்தது.

"நீ வாய மூடு," என்றன இரண்டும்.

மிச்சம் மூக்கை உறிஞ்சியது. "எறிஞ்ச கையை நினைச்சுப் பாருங்க. அவ்வளவு ஆசையா மேல அனுப்பின கை. அது பந்தை அதுக்குள்ள மறந்திருமா?"

கேள்விக்குத் தலை வலித்தது. இந்த நால்வரையும் வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்று அதற்கு விளங்கவில்லை.

மறுநாள் செண்பகவல்லி திருத்திய தாள்களை வகுப்பில் கொடுத்தார். கடைசியில் ஏழாம் கேள்விக்கு வந்தார்.

"விசை எதுவும் இல்லன்னு போட்டவங்க யாரு? பயப்படாதீங்க, கை தூக்குங்க."

தலைகள் குனிந்தன. பாதி வகுப்பு அதைத்தான் போட்டிருந்தது, ஒரு கை எழவில்லை. பிறகு கடைசி பெஞ்சில் ஒரு கை தோள் உயரம் வரைக்கும் வந்து நின்றது. இசக்கியம்மாளின் கை.

"ஏன் அப்படித் தோணிச்சு இசக்கி?"

"அது... நின்னுட்டுல்லா மேடம். அதான்."

வகுப்பு சிரித்தது. "நீயும் உக்காந்துட்டேல்லா ஏட்டி, ஒனக்கும் விசை இல்ல," என்றான் வகுப்புத் தலைவன் ரூபன். அவனும் அதே விடையைத்தான் போட்டிருந்தான். இசக்கியின் கை பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது.

செண்பகவல்லி சிரிக்கவில்லை. மேசையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தார். "எல்லாரும் இதைப் பாருங்க," என்றார். இழுப்பு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டது. இந்தக் கணத்துக்காகத்தான் அது காத்திருந்தது.

அப்போது வாசலில் துரைசிங்கம் நின்றார். "மேடம், இன்னும் முதல் யூனிட்டேவா? விடையை மட்டும் சொல்லிட்டுப் போர்ஷனப் பாருங்க."

செண்பகவல்லியின் முகம் சிவந்தது. சாக்பீஸ் மேலே போகவில்லை. "ஏழு, ஈ," என்று பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்தை எடுத்தார்.

இழுப்பு மெல்ல உட்கார்ந்தது. நாற்காலி கிரீச்சிட்டது.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தடவை கேட்ட கேள்வி திரும்பவும் வரும் என்று மூத்த பிள்ளைகள் சொல்லிவிட்டுப் போவார்கள். கேள்வியைப் படிக்க நேரம் கிடையாது. கேள்வி எண்ணையும் விடையின் எழுத்தையும் படித்தால் போதும். சாயங்காலமே ரூபன் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். ஒன்றுக்கு இ, இரண்டுக்கு அ என்று போய், ஏழுக்கு ஈ. அதிலும் ஏழாவது ரொம்பவும் முக்கியம், துறைத் தலைவரே கவனிக்கிறார் என்று ஒரு செய்தி வேறு. பேருந்தின் பின்படியில் நின்றுகொண்டு பையன்கள் தகரத்தில் தட்டிப் பாடினார்கள்.

"ஏழுக்கு என்னல?"

"ஈ!"

"சத்தமாச் சொல்லுல!"

"ஈ!"

கேள்விக்கு உயிர் வந்தது. "பிழைச்சோம்! கேட்டியா இழுப்பு? எல்லாரும் உன்னைத்தான் போடப் போறாங்க."

இழுப்பின் கால் முன்னைவிட வேகமாக ஆடியது.

சும்மாவுக்குப் பொறுக்கவில்லை. "உன்னை எவன் கேட்டான்? நீ உக்காந்திருக்க நாற்காலியத்தான் கேக்காங்க. அதுல ஒரு பூனை உக்காந்திருந்தாலும் டிக்கு போடுவாங்க."

"உண்மைதான்," என்றது இழுப்பு.

"உண்மையா இருந்தா என்ன?" என்று கேள்வி கத்தியது. "எப்படியோ உயிரோட இருக்கோம்ல?"

"யாரும் என் முகத்தப் பாக்காம டிக்கு போட்டுட்டுப் போவாங்க. வீட்டுக்குப் போயி பந்தை எறிவாங்க. அப்பவும் உச்சியில ஒண்ணுமில்லன்னுதான் நினைப்பாங்க. அதுக்கு நீ எதுக்கு, நான் எதுக்கு?"

"எனக்கு இந்தத் தத்துவமெல்லாம் வேண்டாம். நான் வாழணும்."

அன்றிலிருந்து இழுப்பின் கிரீச்சு நிற்கவே இல்லை. சமம் காதைப் பொத்திக்கொண்டது.

தேர்வுக்கு முந்தின மதியம் செண்பகவல்லி ஆசிரியர் அறையில் கணினி முன்னால் உட்கார்ந்து வினாத்தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வராந்தாவில் பிள்ளைகள் பாடிக்கொண்டே போனார்கள். ஏழுக்கு என்னல? ஈ! செண்பகவல்லி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

இழுப்பு எழுந்து நின்றது.

"இந்த நாற்காலி எனக்குப் பிடிக்கல," என்று சத்தமாகச் சொன்னது. "ஒரே பாட்டு, ஒரே கூச்சல். நாளைக்கு இதுல எல்லா டிக்கும் வந்து விழும். உடம்பு தாங்காது."

சும்மாவின் பாதிக் கண் முழுதாகத் திறந்தது. "எல்லா டிக்குமா?"

"ஒண்ணு விடாம."

பருமனான சும்மா அவ்வளவு வேகமாக ஓடும் என்று யாரும் நினைத்ததில்லை. ஒரே தாவலில் நான்காவது நாற்காலியில் போய் விழுந்து இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டது. இழுப்பு நடந்து போய், காலியாகக் கிடந்த முதல் நாற்காலியின் விளிம்பில் தொற்றிக்கொண்டது.

"அடப் பாவி!" என்றது கேள்வி. "என்னைக் கொன்னுட்டியே!"

செண்பகவல்லி திரைக்குத் திரும்பினார். ஏழாம் கேள்வியில் வரிசை மாறியிருந்தது. தன் கைதான் எங்கேயோ பட்டுவிட்டது என்று நினைத்தார். பழையபடி மாற்றுவதற்கு விரலைக் கொண்டு போனார். விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. வராந்தாவின் அடுத்த கோடியிலிருந்து மறுபடியும் பாட்டு கேட்டது. அவர் விரலை எடுத்துக்கொண்டு, தாளை அப்படியே அச்சுக்குக் கொடுத்தார்.

மறுநாள் காலை தேர்வறையில் துரைசிங்கமே கண்காணிப்பாளராக வந்து உட்கார்ந்தார். ஏழாம் கேள்வி என்ன ஆகிறது என்று நேரில் பார்க்க வேண்டும் அவருக்கு.

தாள்கள் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் டிக்குகள் விழத் தொடங்கின. கேள்வியை யாரும் படிக்கவில்லை. பேனாக்கள் நேராக நான்காவது நாற்காலிக்கு வந்தன. சும்மாவின் மடியில், தோளில், தலையில் டிக்குகள். "போடுங்க, போடுங்க," என்று அது கண்ணை மூடிச் சிரித்தது. ரூபனின் டிக்கு இருப்பதிலேயே பெரியது. பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்கும் தெரியட்டும் என்று போட்டது.

"முடிஞ்சது," என்றது கேள்வி. "எல்லாம் முடிஞ்சது. உன்னாலதான்."

இழுப்பு கேட்டதாகத் தெரியவில்லை. அது கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கே இசக்கியம்மாளின் பேனாவும் நான்காவது நாற்காலிக்குத்தான் வந்தது. அவளுக்கும் பாட்டு தெரியும். ஆனால் அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தத் தாளில் எது எழுதியிருந்தாலும் வாசித்துவிடுவாள், வடை மடித்துத் தரும் காகிதம் உட்பட. டிக்கு போடும் முன் நாற்காலியில் இருப்பவரை வாசித்தாள்.

'விசை எதுவும் இல்லை.'

பேனா நின்றது. இது அவள் போன தடவை போட்டது அல்லவா? வகுப்பே சிரித்தது இதற்குத்தானே? அன்றைக்குத் தப்பு, இன்றைக்கு எப்படிச் சரியாகும்? ஈ சரி என்றால் அவள் போட்டது சரி. அவள் போட்டது தப்பு என்றால் ஈ தப்பு. அவள் கால் பெஞ்சுக்கு அடியில் ஆடத் தொடங்கியது.

"என்ன யோசனை?" என்று சும்மா கொஞ்சியது. "நீ எப்பவும் என் பக்கம்தான? அன்னைக்கு நீ சொன்னதுதான் நியாயம். நின்னுட்டுல்லா?"

"ரெண்டு பக்கமும் பாரு தாயி," என்றது சமம். "என்னைப் போட்டா யாருக்கும் மனவருத்தம் இல்ல."

"கையை மறந்திராத," என்று மிச்சம் விசும்பியது.

முதல் நாற்காலி கிரீச், கிரீச் என்றது.

இசக்கி சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் எட்டாம் கேள்விக்குப் போய்விட்டார்கள். அவள் தன் பேனாப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு ரப்பர் இருந்தது, ஒரு மூலை தேய்ந்து அழுக்கானது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மெல்ல மேலே போட்டாள்.

ரப்பர் போனது, நின்றது, வந்தது. எப்போது நின்றது என்று பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் உயரமாகப் போட்டாள். நிற்கும் இடத்தையே பார்த்தாள்.

'அங்கே ஒன்றுமே இல்லை என்றால் அது ஏன் கீழே வருகிறது? யார் வரச் சொன்னது?'

சும்மாவின் சிரிப்பு நின்றது.

மறுபடியும் போட்டாள். 'மேலேயும் கீழேயும் சமமாகப் பிடித்தாலும் அங்கேயே அல்லவா நிற்க வேண்டும்?' சமம் தலையைக் குனிந்தது. ரப்பர் வந்து விழுந்த கையை அவள் பார்த்தாள். 'என் கை இங்கேதானே இருக்கிறது.' மிச்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அழ ஒன்றும் பாக்கி இருக்கவில்லை.

அடுத்த தடவை ரப்பர் உயரத்தில் இருக்கும்போது ஒரு பெரிய கை வந்து அதைப் பிடித்தது.

"என்ன பிள்ளே இது?" என்றார் துரைசிங்கம். "பரீட்சை ஹாலா, கிரவுண்டா?"

வகுப்பு திரும்பியது. ரூபன் வாயைப் பொத்திச் சிரித்தான். இசக்கி எழுந்து நின்றாள்.

"இல்ல சார்... ஏழாவது..."

"ஏழாவதுக்கு ரப்பர் எதுக்கு?"

"மேல போயி நிக்கும்போது ஒண்ணுமே இல்லன்னா..." அவள் குரல் மின்விசிறியின் சத்தத்தில் பாதி போயிற்று. "அப்பம் அது அங்கேயே நின்னுருக்கணும்லா சார்?"

துரைசிங்கம் வாயைத் திறந்தார். உடனே சொல்வதற்கு அவரிடம் ஒரு சூத்திரம் இருந்தது. பல வருடமாகப் பலகையில் எழுதி வருவது. அது நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பெண் சூத்திரம் கேட்கவில்லை.

"உக்காந்து எழுது," என்றார்.

ரப்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாற்காலிக்குப் போனார். உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னல் வரை நடந்தார், திரும்பி வந்தார். மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். தேர்வு முடியும் வரை அவருக்கு உட்காரவே வரவில்லை.

இசக்கியின் பேனா முதல் நாற்காலிக்கு வந்தது. சின்ன டிக்கு, கொஞ்சம் கோணல். இழுப்பு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது.

மாலையில் கட்டு ஆசிரியர் அறைக்கு வந்தது. செண்பகவல்லி திருத்தி முடித்துவிட்டு, தாள்களைத் துறைத் தலைவரின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். மேலே யாரும் எழுதாத வினாத்தாள் ஒன்று. பக்கத்தில் ஒதுங்கி நின்றார்.

"ஏழாவது?" என்றார் துரைசிங்கம்.

"சரியாப் போட்டது ஒரு ஆள்தான் சார்." செண்பகவல்லி கட்டை நேராக்கினார். "நான் வரிசை மாறினதப் பார்த்தேன் சார். திருப்பி மாத்தல."

துரைசிங்கம் சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். வினாத்தாளில் கேள்வி கண்ணை இறுக மூடிக்கொண்டது. சும்மா நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்தது. சமமும் மிச்சமும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. இழுப்பு மட்டும் விளிம்பில் இருந்தபடி காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"கேட்டியா?" என்று கண்ணைத் திறக்காமலே கேள்வி முணுமுணுத்தது. "ஒரே ஒரு ஆள்."

"கேட்டேன்," என்றது இழுப்பு. "அவ என்னை வாசிச்சா."

துரைசிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். சட்டைப்பையில் கையை விட்டு ரப்பரை எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேலே எறிந்தார். தலையைப் பின்னால் சாய்த்து, அது நிற்கும் இடத்தையே பார்த்தார். பிடித்தார். மறுபடி எறிந்தார். இந்தத் தடவை பிடிக்கவில்லை. ரப்பர் மேசையில் விழுந்து, துள்ளி, செண்பகவல்லியின் காலடிக்கு உருண்டது. அவர் குனிந்து எடுத்தார்.

துரைசிங்கம் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஏழாம் கேள்விக்குக் கீழே இருந்த அ, ஆ, இ, ஈ என்ற நான்கு எழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாக அடித்தார். அதற்குப் பக்கத்தில், பிள்ளைகள் எழுதுவதற்கு நான்கு விரல் அகலத்தில் ஒரு கட்டம் போட்டு, அந்தக் கட்டத்தின் தலையில் 'ஏன்?' என்று எழுதினார்.